பியர்ஸ் பட்டியலும் தோட்டத்து முதியோரும்

அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2023 ஆம் ஆண்டில் திருத்தி வெளியிட்ட பியர்ஸ் அளவுகோல்கள், அதாவது 65 வயதைக் கடந்தோருக்கு நன்மையிலும் தீமையே மிகக்கூடிய மருந்துகளின் பட்டியல், சல்போனைல்யூரியா வகை நீரிழிவு மாத்திரைகள் அனைத்தையும் முதல் அல்லது இரண்டாம் தெரிவாகப் பயன்படுத்துவதைத் தவிர்க்கச் சொல்கிறது. 2019 ஆம் ஆண்டுப் பதிப்பில் கிளிபென்கிளமைட், கிளிமெபிரைட் போன்று நெடுநேரம் செயற்படுபவை மட்டுமே இடம்பெற்றிருந்தன. இப்போது கிளிக்லசைட் உட்பட அந்த வகை முழுவதும் பட்டியலுக்குள் வந்துவிட்டதால், இலங்கையின் முதியோர் இல்லங்களிலும் தனியார் நர்சிங் ஹோம்களிலும் பணிபுரிவோர் தம் நிலைப்பாட்டைச் சொல்லியே ஆகவேண்டும். இதயநோய் இல்லாதவருக்கு அது வராமல் தடுக்க அஸ்பிரினைப் புதிதாகத் தொடங்குவது பற்றியும், பிரிட்டோன் என்று தோட்டப் பகுதியெங்கும் அறியப்பட்ட ஒவ்வாமை மருந்தான குளோர்பெனிரமைன் பற்றியும் பட்டியல் சொல்வதில் பெரிய விவாதத்துக்கு இடமில்லை.

இவ்விதழ் பட்டியலை ஏற்கிறது. மருத்துவர் மார்க் பியர்ஸும் அவருடன் பணியாற்றியோரும் 1991 இல் அதை முதன்முதலில் வகுத்ததே பராமரிப்பு இல்லவாசிகளை முன்னிறுத்தித்தான் என்பதால், வெளிநோயாளரை மட்டும் மனத்திற் கொண்டு எழுதப்பட்ட பல வழிகாட்டல்களைவிட இல்லங்களுக்கு இது நெருக்கமானது. ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியே எழுதப்பட்ட வழிகாட்டல்கள் ஒரே உடலில் ஒன்றுசேரும்போது நேர்வதை ஆய்வாளர் சிந்தியா பொய்ட் முதலானோர் 2005 இல் கணக்கிட்டுக் காட்டினர். ஐந்து நீண்டகால நோய்களைக் கொண்ட 79 வயதுப் பெண் ஒருவரைக் கற்பனையாக வைத்து, எல்லா வழிகாட்டல்களையும் அப்படியே பின்பற்றியபோது அவருக்கு 12 மருந்துகளும் மாதம் 406 டொலர் செலவும் தேவைப்பட்டன. மருந்தைச் சேர்க்கச் சொல்லும் வழிகாட்டல்களே மிகுந்த துறையில், குறைக்கச் சொல்லும் வழிகாட்டலுக்குத் தனி மதிப்பு உண்டு.

ஆயினும் பட்டியலில் ஒரு விலக்கு இருக்கிறது. பாதுகாப்பான மாற்று மருந்துகளைப் பெறுவதில் கணிசமான தடைகள் இருந்தால் சல்போனைல்யூரியாவைப் பயன்படுத்தலாம், அப்போதும் குறுகிய நேரம் செயற்படுவதையே தெரிவு செய்ய வேண்டும் என்கிறது அது. அமெரிக்காவில் விலக்காக இருப்பது இரத்தினபுரி மாவட்டத்துக் கஹவத்தையில் பொதுவிதியாகிவிடுகிறது. வெள்ளந்துரை, ஓபாத்த, எந்தானை, ஹவுப்பே போன்ற தோட்டங்களில் கொழுந்து பறித்து ஓய்ந்த ஒருவருக்கு, விலைகூடிய புதிய மாத்திரைகளை மாதந்தோறும் வெளியே வாங்கிக் கொடுக்க எந்தப் பிள்ளையாலும் இயலாது. 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் பழைய மருந்துகளுக்கே தட்டுப்பாடு வந்ததைத் துறையினர் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே அதே மாத்திரை தொடரும். வழிகாட்டலும் மீறப்படவில்லை என்று கோப்பில் எழுதப்படும்.

அத்தகைய ஒருவர் இல்லத்துக்கு வரும்போது கையில் கொண்டுவருவது ஓரம் கிழிந்த ஒரு கிளினிக் கொப்பியும் சில கடதாசி உறைகளும் மட்டுமே. ஓர் உறை ஆதார வைத்தியசாலைக் கிளினிக்கில் கொடுத்தது, மற்றொன்று தோட்ட மருந்தகத்தில் கொடுத்தது, இன்னொன்று கடைத்தெருத் தனியார் வைத்தியரிடம் வாங்கியது; ஒரே மருந்து இரண்டு உறைகளில் இரு வேறு வர்த்தகப் பெயர்களுடன் இருப்பதும் உண்டு. இல்லத்தில் இராச்சாப்பாடு மாலை ஆறு மணிக்குள் முடிந்துவிடுகிறது. அந்த நேரத்து மாத்திரையோ, சிறுநீரகம் தளர்ந்த உடலில், விடியும்வரை வேலை செய்கிறது. பின்னிரவில் குருதிச் சர்க்கரை தாழும்போது முதலில் தோன்றும் அறிகுறிகளுள் ஒன்று வியர்வை. இரத்தினபுரி மாவட்டத்தின் புழுக்கத்தில் அதை எவரும் அறிகுறியாக எண்ணுவதில்லை. அடுத்து வரும் தடுமாற்றமும் பிதற்றலும் முதுமையின் கணக்கில் எழுதப்படுகின்றன. இரவுக் கடமையில் தனித்து நிற்கும் பராமரிப்பாளருக்குச் சர்க்கரை பார்க்கும் கருவியும் இல்லை, மாத்திரையை நிறுத்தும் அதிகாரமும் இல்லை, கொப்பியில் ஆங்கிலச் சுருக்கெழுத்தில் இருப்பதைப் படிக்கும் வாய்ப்பும் இல்லை.

இந்த நிலை பராமரிப்பாளரின் கவனக்குறைவால் வந்ததன்று. தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்தைத் தோட்டத்தின் பொறுப்பாக்கிய 1912 ஆம் ஆண்டு மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் நாட்டின் சுகாதாரத்தை இரண்டாகப் பிரித்து வைத்தது. அந்தப் பிரிவு தோட்டங்கள் அரசுடைமையான 1970களிலும் நீங்கவில்லை, 1992 இல் கம்பனிகளிடம் முகாமைத்துவம் கையளிக்கப்பட்டபோதும் நீங்கவில்லை. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பணி 1990களில் தொடங்கி இன்றுவரை முற்றுப்பெறாமல் இழுபடுகிறது. பெயர்ப்பட்டியலில் இருக்கும்வரை தொழிலாளியைத் தோட்டம் தன்னுடையவர் என்கிறது. பெயர் வெட்டப்பட்ட மறுநாள் அவர் யாருடைய நோயாளி என்ற கேள்விக்கு தோட்டமும் அரசும் ஒன்றையொன்று கைகாட்டுகின்றன. சுகாதார அமைச்சு முதியோர் சுகாதாரம் குறித்துக் கொள்கை வகுக்கிறது, சுற்றறிக்கை அனுப்புகிறது, கருத்தரங்கு கூட்டுகிறது. ஆனால் லயன் அறையிலிருந்து இல்லத்துக்கு வரும் ஒருவரின் மருந்துகளை ஒரே தாளில் எழுதித் தரும் கடமையை இத்தனை ஆண்டுகளில் எந்த உத்தியோகத்தரிடமும் ஒப்படைக்கவில்லை. இதைச் சிறு நிர்வாகக் குறை என்று கடந்துபோவதற்கு இவ்விதழ் இணங்காது. கொப்பி ஆங்கிலச் சுருக்கெழுத்திலேயே இருப்பதும் இதே குறைதான்: அரசியலமைப்பின் 1988 ஆம் ஆண்டு 16 ஆவது திருத்தம் தமிழ் மொழிக்கு உறுதிசெய்த உரிமை காணிப் பத்திரத்துக்கும் கடிதத்துக்கும் மட்டும் உரியதன்று. உயிரைக் காக்கவோ பறிக்கவோ வல்ல மருந்து உறைக்கும் அது பொருந்த வேண்டும்.

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் ஐவருக்கு மேற்பட்ட முதியோருக்கு வதிவிடப் பராமரிப்பு வழங்கும் நிறுவனங்களைப் பதிவுசெய்யச் சொல்கிறது. அந்தப் பதிவே மருந்து மீளாய்வை, அதாவது ஒவ்வொரு மருந்தும் இன்னும் தேவைதானா என்று குறித்த கால இடைவெளியில் ஆராய்வதை, நடைமுறைக்குக் கொண்டுவரத் தக்க வாயில். இல்லவாசி ஒருவரைச் சேர்த்த சில நாட்களுக்குள் அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வைத்தியரும் மருந்தாளரும் எல்லா உறைகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் அளவை அறிந்து, கொடுக்க வேண்டியவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். பதிவுபெற்ற ஒவ்வோர் இல்லத்துக்கும் குளுக்கோமீற்றரும் அதற்குரிய பட்டிகளும் அரச செலவில் கிடைக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை; தேசிய முதியோர் செயலகமும் சுகாதார அமைச்சும் ஒரு மேசையில் அமர்ந்தாலே போதும்.

அதுவரை இல்லங்கள் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. நீரிழிவு மாத்திரை எடுப்போருக்குப் படுக்கைக்கு முன் பாலோ பிஸ்கட்டோ கொடுப்பது, சாப்பிடாதவருக்கு அந்த வேளை மாத்திரையைக் கொடுக்குமுன் வைத்தியரைத் தொலைபேசியில் கேட்பது, இரவில் திடீரெனக் குழம்புபவருக்கு விழுங்க முடிந்தால் உடனே சீனித் தண்ணீர் கொடுப்பது, விழுங்க முடியாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அம்புலன்ஸை அழைப்பது ஆகியவற்றைத் தாதிப் பொறுப்பாளர்கள் இன்றே எழுதிச் சுவரில் ஒட்டலாம். ஆனால் மருந்தை எழுதுவோரிடம் எதையும் கேட்காமல், பியர்ஸ் பட்டியலை இல்லங்களைச் சோதிக்கும் தணிக்கைத் தாளாக மட்டும் அதிகாரிகள் கொண்டுவருவார்களாயின், அதை இவ்விதழ் எதிர்க்கும்.