வரைபடம் கற்கப் புகுமுன்

நம் சங்கங்களிலே இப்பொழுது 'ஜி.ஐ.எஸ்.' என்ற சொல் அடிக்கடி காதில் விழுகிறது. புவியியல் தகவல் முறை என்று தமிழில் வழங்குகிறார்கள். அங்கத்தினரின் நிலம், தறிக்கூடம், கிணறு, கிடங்கு ஆகியவற்றைக் கணிப்பொறியில் படமாக்கி, வேண்டிய விவரத்தை வேண்டியபோது எடுத்துக் காட்டும் ஏற்பாடு அது. "இது பொறியாளர் வேலை, கூலி கொடுத்தால் செய்து தருவார்கள்" என்று காரியதரிசிகள் பலர் சொல்லக் கேட்கிறோம். இக்கருத்து நமக்கு உடன்பாடன்று.

இதன் அடிப்படையை நெசவாளர் முன்னமே அறிவர். ஜக்கார்டு தறிக்கு டிசைன் போடுகிறவர், கட்டத் தாளின் ஒவ்வொரு கட்டத்தையும் பாவு இழையும் ஊடை இழையும் சந்திக்கும் இடமாகக் கொள்கிறார். பூமியின்மேல் தீர்க்கரேகைகளைப் பாவாகவும் அட்சரேகைகளை ஊடையாகவும் எண்ணிக்கொண்டால், எந்த இடமும் இரண்டு எண்களில் அடங்கிவிடும். அவ்விரண்டு எண்களோடு அங்கத்தினர் எண், சர்வே எண், பயிர், கடன் நிலுவை என்று பதிவேட்டின் ஒரு வரியை முடிந்துவிடுவதே இம்முறையின் சாரம். கிணறுகள் ஓர் அடுக்கு, வாய்க்கால்கள் ஓர் அடுக்கு எனத் தனித்தனியே வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம்.

இழை மாறினால் பூ கெடும். இதனை நாம் பட்டே அறிந்தோம். கரூர்ப் பக்கத்து நெசவாளர் சங்கம் ஒன்றுக்குப் பரிசோதனைக்குச் சென்றபோது, தறிப் பட்டியலைப் படமாக்கிக் காட்ட நாமே முன்வந்தோம். திரையில் ஒரு தறியையும் காணோம். கரூர் ஏறத்தாழ வடக்கே 11 பாகை, கிழக்கே 78 பாகையில் உள்ளது. எண்களை இடம் மாற்றிப் பதிந்தமையால், தறிகள் அனைத்தும் நார்வே நாட்டின் ஸ்வால்பார்டு தீவுகளை அடுத்த வடதுருவக் கடலில் போய் உட்கார்ந்திருந்தன! கூடியிருந்தோர் நகைத்தனர்; நாமும் நகைத்தோம்.

நகைக்க இடமில்லாத பிழை, பின்னர் வேறொரு சங்கத்தில் நேர்ந்தது. விவசாயி ஒருவரின் நிலம் 11 பாகை 30 நிமிடத்தில் இருந்தது. பாகைக்கு அறுபது நிமிடமாதலின் 11.5 என்று எழுதியிருக்க வேண்டும். நாம் 11.30 என்று எழுதிவிட்டோம். அட்சரேகையில் ஒரு பாகை சுமார் 110 கிலோமீட்டர். ஆக, நிலம் 22 கிலோமீட்டர் தெற்கே நகர்ந்துவிட்டது. படமோ பார்வைக்கு அழகாகவே இருந்தது. அப்படத்தைக்கொண்டு குறுவட்டம் பிரித்துப் பயிர்க் காப்பீட்டுப் பட்டியல் எழுதவிருந்தோம். 2016-ல் தொடங்கிய பிரதம மந்திரி காப்பீட்டுத் திட்டத்தில், பரவலான விளைச்சல் நஷ்டத்துக்கு ஈடு, அறிவிக்கப்பட்ட கிராமம் அல்லது குறுவட்டத்தின் விளைச்சலை வைத்தே கணக்கிடப்படுகிறது. தம் வயல் காய்ந்து கிடக்க, அயலூரின் நல்ல விளைச்சல் அவர் கணக்கில் ஏறியிருக்கும். அவரே திரையை உற்றுநோக்கி, "ஐயா, என் வயலுக்குக் கிழக்கே ஏரி உண்டே, இதில் காணோமே" என்றார். கூலிக்கு வரும் பொறியாளருக்கு அந்த ஏரியைப் பற்றி என்ன தெரியும்?

இன்னுமொரு சங்கதி. 12/3 என்ற சர்வே எண்ணை எக்செல் அட்டவணையில் தட்டினால், அது தானாகவே அதைத் தேதியாக்கிவிடும். பிறகு அந்த வரி படத்தோடு பொருந்தாது. சர்வே எண் பத்தியை முதலிலேயே 'எழுத்து' என அமைத்துக்கொள்ள வேண்டும்.

செலவைக் காரணம் காட்டுவதும் பொருந்தாது. 2002-ல் தோன்றிய கியூஜிஐஎஸ் என்னும் செயலி விலையின்றியே கிடைக்கிறது. பயிற்சி வகுப்புகளிலோ முதல் நாளே அதன் பொத்தான்களைக் காட்டத் தொடங்குகிறார்கள். இது தலைகீழான முறை என்பது நம் அபிப்பிராயம். முதல் நாள், குமாஸ்தா ஒருவரும் அங்கத்தினர் இருவரும் கைப்பேசியும் புலப்படமுமாக வயலுக்குப் போகட்டும். பத்து நிலங்களின் எண்களைக் குறித்துவந்து பதியட்டும். அவற்றுக்கு உரியவர்களை அழைத்துத் திரையில் காட்டி, கிணறும் ஏரியும் வண்டிப்பாதையும் சரியாக இருக்கின்றனவா என்று கேட்டுக் கையொப்பம் பெற்ற பின்பு, பதினோராவது நிலத்துக்குப் போகலாம்.