பாசிட்டிவ் வந்த பிறகும் மருந்தா?

"அதான் பாசிட்டிவ்னு வந்தாச்சே அத்தை, இன்னும் எதுக்கு இந்த மருந்து?" என்று கேட்டாள் என் நாத்தனார் மகள். பல பெண்களுக்கு வரும் சந்தேகம்தான்.

உறைய வைத்த கருவை, மருந்தாலேயே தயார் செய்த கருப்பையில் வைக்கும் முறை அவளுக்கு. ஈஸ்ட்ரோஜன் மாத்திரையால் கருப்பையின் உட்சுவர் சுமார் 7 மில்லிமீட்டர் தடித்ததும் புரொஜெஸ்டிரோன் தொடங்குவார்கள். 5 நாள் வளர்ந்த கருவானால், பெரும்பாலும் 5 நாள் மருந்துக்குப் பிறகு வைப்பார்கள்.

அந்த மாதம் சினைமுட்டை வெளிவராததால் புரொஜெஸ்டிரோன் உடம்பில் தானாகச் சுரக்காது. சுமார் 10 வாரத்தில் நஞ்சுக்கொடி பொறுப்பேற்கும்வரை கருவுக்கு மருந்துதான் துணை.

மார்வலி, தூக்கக் கலக்கம் மருந்தாலும் வரலாம். அதை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள். துளி உதிரம் பட்டாலும் நீங்களாக நிறுத்தாமல், உடனே டாக்டரைக் கேளுங்கள், சகோதரிகளே!