பேரம் பேசும் போன்

தொரப்பள்ளியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். (ஓசூர் பக்கத்தில், ராஜாஜி பிறந்த ஊர்.) மகள் பெங்களூரில் குடித்தனம். ஒன்பது மாதப் பேரனுக்குக் காய்ச்சல் என்று கேட்டதும் அம்மா பஸ் ஏறி ஓடியிருக்கிறார். சாயங்காலம் டாக்டரிடம் போக, போனில் ஆட்டோ கூப்பிட்டார்களாம். நாலு கிலோமீட்டர் தூரம்.

"80 ரூபாய்னு காட்டிச்சு. வண்டி வரலை. கொஞ்ச நேரத்தில் போனே, 10 சேர்க்கவா, 20 சேர்க்கவா, 30 சேர்க்கவான்னு கேட்குது. குழந்தை உடம்பு அனலாய்க் கொதிக்குது. என் பொண்ணு 30-ஐத் தொட்டாள். உடனே வண்டி வாசலில்! இது பேரமா, பறிப்பா?" என்று கேட்கிறார்.

பேரத்தில் நம்மை மிஞ்ச ஆள் ஏது? ஆனால் கீரைக்காரம்மாவிடம் பேசும்போது அவள் முகம் நமக்குத் தெரியும், நம் முகம் அவளுக்குத் தெரியும். போன் செய்கிற பேரத்தில் முகமே கிடையாது. நீங்கள் போகும் இடத்தையும் தொகையையும் பக்கத்திலுள்ள டிரைவர்களுக்குக் காட்டுகிறது. யாரும் ஏற்காவிட்டால் உங்களை ஏற்றச் சொல்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல் என்பது அந்த டிரைவருக்குத் தெரியாது. கூட 30 ரூபாய் என்பது மட்டுமே தெரியும். தெரிந்திருந்தால் 80-க்கே வந்திருப்பாரோ என்னவோ!

டிரைவர் பக்கமும் நியாயம் உண்டு. உங்களை ஏற்ற ஒரு கிலோமீட்டர் காலியாக வருகிறாரே, அதற்கு மீட்டர் ஓடாது. 2022 அக்டோபரில் பெங்களூரில் பெரிய ரகளை நடந்தது. மீட்டர்படி முதல் 2 கிலோமீட்டருக்கு 30 ரூபாய்தான். கம்பெனிகளோ குறைந்தபட்சமே 100 வாங்குகின்றன என்று ஜனங்கள் புகார் செய்ய, ஆட்டோ சேவையை நிறுத்தும்படி கர்நாடகப் போக்குவரத்துத் துறை உத்தரவிட்டது. அடுத்த மாதமே ஆட்டோ ஓட்டுநர் சங்கத்தின் ஆதரவோடு, கமிஷன் பிடிக்காத 'நம்ம யாத்ரி' வந்தது.

நாமே தொகை சொல்கிற முறையும் ஒன்று உண்டு. 2012 கடைசியில் சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரில் குளிர் மைனஸ் 45 டிகிரிக்குப் போனபோது டாக்ஸிக்காரர்கள் கட்டணத்தை இரட்டிப்பாக்கினார்கள். ஊர்க்காரர்கள் கூட்டாகச் சேர்ந்து, 'இந்த இடத்துக்கு இவ்வளவு தருவேன், வருகிறீர்களா?' என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 'இன்டிரைவ்'. டிரைவர் எதிர்த்தொகை சொல்லலாம். நாம் பிடித்தவரைப் பொறுக்கலாம்.

எந்த முறையானாலும் அடிவிலை தெரியாமல் பேரத்தில் இறங்காதீர்கள். பெங்களூரில் 2025 ஆகஸ்டில் வந்த மீட்டர் கணக்கு: முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 18. நம் சகோதரியின் தூரத்துக்கு 72 ஆகிறது. இரவு 10 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு. மழை, நெரிசல் நேரம் என்றால் 10 ரூபாய் கூடச் சேர்ப்பதில் தப்பில்லை என்பேன். எடுத்த எடுப்பில் 30-ஐத் தொடுவானேன்? இரண்டு நிமிஷம் பொறுங்கள், 10-இல் ஆரம்பியுங்கள்.

ஆனால் ஏறுவதற்கு முன்பே 'டிப்ஸ்' கேட்பது மட்டும் எனக்குச் சம்மதமில்லை. வேலை முடிந்து மனசு குளிர்ந்து கொடுப்பதல்லவா அது? 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் இதற்காக ஊபருக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல் கேட்டால், திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு 1915-க்குப் போன் செய்யுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது.

இன்னொன்று, இளம் தாய்மார்கள் கவனிக்க. குழந்தைக்கு வலிப்பு, மூச்சுத்திணறல் என்றால் இந்தப் பேரமே வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். ஓசூரிலும் அதே எண், எல்லை தாண்டி பெங்களூரிலும் அதே எண். காசு கிடையாது.