பேற்றறையில் தமிழ் வேண்டும்!

பிள்ளை நோவெடுத்த தாய் தன் தாய்மொழியிலன்றி வேறெம்மொழியிலும் கதறுவதில்லை. பட்டம் பெற்றவளாயினும் எழுத்தறியாதவளாயினும், அந்நேரத்தில் கற்ற மொழிகளெல்லாம் அவளை விட்டகல, பெற்றோர் தந்த மொழியொன்றே அவள் நாவில் நிற்கின்றது. நோவைச் சொல்வதும் அம்மொழியில். அச்சத்தைச் சொல்வதும் அம்மொழியில். அத்தகைய தாயைப் பேணும் கலையைத் தமிழ்நாட்டு மருத்துவ மாணாக்கர்க்குக் கற்பிக்கும் மகப்பேற்றுத் துறையோ, பாடம், நூல், குறிப்பேடு, தேர்வு ஆகிய நான்கிலும் ஆங்கிலத்திலேயே இயங்குகின்றது. இம்முரண்பாடு முரண்பாடாகவே நமக்குத் தோன்றாமற் போனதுதான் கேடுகளுள் பெருங்கேடு.

வேளச்சேரியினின்று தாம்பரம் நோக்கிச் செல்வோர் பள்ளிக்கரணையைக் கடந்தே செல்வர். 2022-ஆம் ஆண்டு உலகச் சதுப்புநிலங்களின் இராம்சார்ப் பட்டியலில் இடம்பெற்ற பெருஞ்சதுப்பு அங்கிருக்கின்றது. அச்சதுப்பைச் சூழ்ந்து மேடவாக்கம், பெரும்பாக்கம், செம்மஞ்சேரி எனப் பழைய ஊர்கள் பல, இன்று மாடிவீடுகளும் மருத்துவமனைகளும் கல்லூரிகளும் நிறைந்த புறநகராய் மாறிவிட்டன. நகரின் நடுவிலிருந்து பெயர்க்கப்பட்ட ஏழைக் குடும்பங்கள் பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் அடுக்ககங்களில் குடியமர்த்தப்பட்டுள்ளன. இப்பகுதித் தாய்மார்க்குப் பேறுகாலத்தில் அருகிலுள்ள நலவாழ்வு நிலையமோ, குரோம்பேட்டை அரசு மருத்துவமனையோ, தொலைவிலுள்ள எழும்பூரோ, 1965-இல் தொடங்கப்பெற்ற செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரியோ புகலிடமாகின்றன. வசதியுள்ளோர் தனியார் மனைகளை நாடுகின்றனர். எங்குச் செல்லினும், அவர்கள் பேசுவது தமிழ். அவர்களைப் பற்றி எழுதப்படுவது ஆங்கிலம்.

முன்னாளில் இந்நிலை இல்லை. பேறு வீட்டில் நிகழ்ந்தது. அருகிருந்த மருத்துவச்சி அத்தாயின் மொழியையே பேசினாள். அந்நாள் மீண்டும் வரவேண்டுமென நாம் கூறவில்லை. குருதிப் பெருக்காலும் பேற்றுக் காய்ச்சலாலும் வலிப்பாலும் தாய்மார் கூட்டங் கூட்டமாய் மாண்ட காலம் அது. மருத்துவமனைப் பேறு அவர்களைக் காத்தது. 2018-20 கணக்கின்படி, ஓர் இலக்கம் உயிர்ப்பேற்றுக்கு மாளும் தாய்மார் தொகை இந்திய அளவில் 97, தமிழ்நாட்டில் 54. இதற்காக ஊர்ப்புறச் செவிலியர் முதல் பேராசிரியர் வரை உழைத்த அனைவரும் நம் வணக்கத்திற்குரியர். ஆயினும், இன்று தமிழ்நாட்டுப் பேறுகள் ஏறத்தாழ அனைத்தும் மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன என்பதையும் எண்ணுக. ஆகவே, மருத்துவமனையின் மொழி எதுவோ அதுவே தமிழ்க் குழந்தை பிறக்குமிடத்தின் மொழியாகிவிட்டது. வீட்டில் தமிழாய் இருந்த பேறு, மனைக்குள் வந்ததும் ஆங்கிலமாயிற்று. இம்மாற்றம் மருத்துவ அறிவால் நேர்ந்ததன்று. நம் அடிமையறிவால் நேர்ந்தது.

மொழி எதுவாயின் என்ன, மருந்து வேலை செய்யாதா என்று கேட்பர் சிலர். மகப்பேற்று மருத்துவத்தில் முதற்கருவி கத்தியன்று, கேள்வி. 'கடைசியாக எப்பொழுது வீட்டுக்கு விலக்கானாய்?' என்னும் ஒரு வினாவின் விடையைக் கொண்டே பேற்று நாள் கணிக்கப்படுகின்றது. நம் பெண்டிர் கருவுற்றதை 'முழுகாமல் இருக்கிறேன்' என்பர். இம்மரபறியாத மாணாக்கன் அவள் குளிக்கவில்லை என்றே பொருள் கொள்வான்! இது நகைப்பதற்குரிய செய்தியன்று. மண்டையிடி என்கிறாள், கண் இருட்டுகிறது என்கிறாள், நெஞ்சுக்குழி வலிக்கிறது என்கிறாள். இவை குருதியழுத்தம் மிகுந்து வலிப்பு வரப்போவதற்கு முன்னறிகுறிகளாக இருக்கலாம். இச்சொற்களின் எடையைக் கேட்ட மாத்திரத்தில் உணர்பவன் இரண்டுயிரைக் காப்பான்; மொழிபெயர்ப்புக்கு ஆள் தேடுபவன் காலத்தை இழப்பான்.

இசைவுத் தாளையும் எண்ணிப் பாருங்கள். வயிற்றறுவைக்கும் கருத்தடை அறுவைக்கும் கருத்தடை வளையத்திற்கும் அவளுடைய இசைவு வேண்டும். தாள் தமிழில் அச்சிடப்பட்டிருப்பினும், அதனை விளக்கிச் சொல்ல வேண்டியவர்க்குத் தமிழ் வாராதாயின், அல்லது தமிழராயிருந்தும் தாம் கற்றதைத் தமிழில் சொல்ல வாராதாயின், அவள் இடுவது கையெழுத்தாகுமேயன்றி இசைவாகாது. நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என மருத்துவத்தை நாற்கூறாக்கிக் காட்டினார் திருவள்ளுவர். இந்நான்கையும் ஒன்றாய்க் கட்டும் கயிறு மொழி. கயிறு அறுந்தால் கூறுகள் சிதறும்.

இன்று இக்கயிறு இருபுறமும் அறுகின்றது. ஒருபுறம், அரசு மருத்துவக் கல்லூரிகளின் பட்டப்படிப்பு இடங்களில் 15 விழுக்காடும், மேற்பட்டப் படிப்பு இடங்களில் 50 விழுக்காடும் அனைத்திந்திய ஒதுக்கீட்டில் நிரப்பப்படுகின்றன. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் இடங்களோ எல்லா மாநிலத்தார்க்கும் உரியன. வருகின்ற இளைஞரை நாம் குறை கூறவில்லை. அவர்களும் கற்க வந்தவர்களே. பீகாரில் ஈனும் தாய்க்கு அவள் மொழியறிந்த மருத்துவர் வேண்டும் என்பது எத்துணை அறமோ, அத்துணை அறமே தாம்பரத்தில் ஈனும் தாய்க்குத் தமிழறிந்த மருத்துவர் வேண்டும் என்பதும். மறுபுறம், தமிழ் மாணாக்கரே ஐந்தாண்டு ஆங்கிலத்தில் ஊறி, 'பனிக்குடம் உடைந்ததா?' என்று கேட்க நாணி, 'வாட்டர் பிரேக் ஆச்சா?' என்று கேட்கும் நிலைக்குத் தாழ்ந்துவிட்டனர். முன்னையோர்க்கு மொழி தெரியாது. பின்னையோர்க்கு மானம் தெரியாது. இரண்டாவதே கொடிது.

தமிழில் மருத்துவம் கற்பிக்க இயலுமா என்று இனியும் கேட்போர் யாழ்ப்பாணத்தை நோக்குக. 1847-ஆம் ஆண்டு, அமெரிக்க நாட்டு மசாசுசெட்சு மாநிலத்தினின்று சாமுவேல் பிசுக்கு கிறீன் என்னும் மருத்துவர் சமயத்தொண்டராய் அங்கு வந்திறங்கினார். மானிப்பாயில் மருத்துவமனை அமைத்து மாணாக்கரைச் சேர்த்து முதலில் ஆங்கிலத்திலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலம் கற்றவர் ஊர்ப்புறத்தே தங்காமல் அரசுப் பணி தேடி அகல்வதைக் கண்டார். தம் மக்களிடையே தங்கித் தம் மக்கள் மொழியில் மருத்துவம் செய்வோரே வேண்டும் என்று தெளிந்து, 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். மாணாக்கர் துணையோடு நூல்களையும் தமிழாக்கினார். அவற்றுள் முற்பட்டவற்றில் ஒன்று மகப்பேற்று நூலே என்பதைப் படிப்போர் நெஞ்சில் பொறித்துக் கொள்க! தபிளின் நகரத்து மருத்துவர் மான்செல் எழுதிய அந்நூல் 'பிரசவ வைத்தியம்' என்னும் பெயரில் 1857-இல் வெளிவந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியதும் அதே ஆண்டுதான். பல்கலைக்கழகம் பிறந்த ஆண்டிலேயே தமிழில் மகப்பேற்று நூல் பிறந்துவிட்டது. ஆயினும் பல்கலைக்கழகம் தமிழை வாயிலிலேயே நிறுத்திவிட்டது. 

கிறீனின் நூற்பெயர்கள் வடமொழி மிக்கன. 'பிரசவ வைத்தியம்', 'இரணவைத்தியம்', 'வைத்தியாகரம்' என்றவாறு அவர் பெயரிட்டது அந்நாள் யாழ்ப்பாணத்துக் கற்றோர் நடை. மகப்பேற்று மருத்துவம் என்று நாம் திருத்திக் கொள்ளலாம். சொல்லைத் திருத்துதல் எளிது. செயலைத் தொடங்குதலே அரிது. அவ்வரிய செயலைக் கடல் கடந்து வந்த ஒருவர் செய்தார், நாம் செய்யவில்லை. 1873-இல் அவர் தாயகம் திரும்பிய பின்னர் அம்முயற்சி நீடிக்கவும் இல்லை.

இப்பக்கத்து வரலாறோ வேறு. சென்னையில் மகப்பேற்று மருத்துவமனை 1844-இலேயே தொடங்கப்பெற்று, 1882-இல் எழும்பூரில் இன்றுள்ள இடத்திற்கு வந்தது. இந்நாட்டின் மிகப் பழைய மகப்பேற்றுக் கல்விக் களங்களுள் அது ஒன்று. மகப்பேற்று மருத்துவத்தில் பெரும்புகழ் கொண்ட ஆ. இலக்குமணசாமி முதலியார் 1938-இல் எழுதிய பாடநூல், பின்னர் மேனன் அவர்களும் இணைந்த பதிப்புகளாய்த் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்டு வருகின்றது. அவர் 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயும் வீற்றிருந்தார். தமிழ்த் தாய்மாரைப் பார்த்துப் பார்த்துத் தமிழர் ஒருவர் தொகுத்த அறிவு, தமிழில் எழுதப்படவில்லை! தமிழ்நாட்டுப் பாடநூல் கழகம் மருத்துவ நூல்கள் சிலவற்றைத் தமிழாக்கி 2023-இல் வெளியிட்டபொழுது, இந்நூலும் அவற்றுள் ஒன்றாய் வந்தது. ஒரு தமிழரின் நூல் தமிழுக்கு வர 85 ஆண்டுகள் ஆயின. வந்ததே என்று மகிழ்வோம். வந்த நூல் வகுப்பறைக்குள் நுழையாமல் நூலகத் தட்டிலேயே துயிலுமாயின் அம்மகிழ்ச்சி வெறும் விழா மகிழ்ச்சியே.

ஆங்கிலத்தை விட்டால் உலக அறிவை இழப்போம் என்பது அடுத்த அச்சம். கிறீன் யாழ்ப்பாணம் வந்த அதே 1847-இல், வியன்னா மருத்துவமனையில் செம்மல்வெய்சு என்னும் அங்கேரி நாட்டு மருத்துவர், பிணமறுத்த கையோடு பேறு பார்க்க வரும் மாணாக்கரே பேற்றுக் காய்ச்சலைப் பரப்புகின்றனர் என்று கண்டு, சுண்ணக்கரைசலில் கைகழுவச் செய்தார். ஏப்பிரலில் 100-க்கு 18 ஆயிருந்த சாவு, ஓரிரு திங்களில் 100-க்கு 2 என்னும் அளவிற்கு இறங்கியது. மகப்பேற்று மருத்துவத்தின் மாபெரும் கண்டுபிடிப்புகளுள் ஒன்றான இதனை விளக்கி 1858-இல் அவர் முதலில் எழுதியது தம் நாட்டு மொழியாகிய அங்கேரிய மொழியில். அதன்பின்னரே 1861-இல் செருமானிய மொழியில் பெருநூலாக்கினார். தமிழினும் மிகக் குறைந்த தொகையினர் பேசும் மொழி அது. நம் நாட்டிலேயே, 1918-இல் தோன்றிய ஐதராபாத் உசுமானியாப் பல்கலைக்கழகம் உருதுவில் மருத்துவம் கற்பித்தது. ஆங்கிலத்தைச் சாளரமாக வைத்துக் கொள்க. வீட்டிற்கு வாயிலாக வைக்காதீர் என்பதே நம் வேண்டுகோள்.

சொல்லில்லை என்பார்க்கு ஒரு சொல். பிற துறைகளில் சொல்லாக்கம் வேண்டியிருக்கலாம். இத்துறையில் பெரும்பகுதி வேண்டியதே இல்லை. கரு, சூல், கருப்பை, பனிக்குடம், நச்சுக்கொடி, தொப்புட்கொடி, மசக்கை, இடுப்புநோவு, குறைப்பேறு, தலைச்சன், சீம்பால் என நம் பாட்டியர் வாயிலேயே ஒரு கலைச்சொல் அகராதி வாழ்கின்றது. வேட்கை மிகுதியைக் குறிக்கும் 'வயா' என்னும் சொல்லுக்குத் தொல்காப்பியமே பொருள் கூறுகின்றது. சூலுற்றாள் வேட்கைக்கும் அச்சொல் வழங்கிற்று. எஞ்சிய நுண்சொற்களை அறிஞர் ஆக்கிக்கொள்வர். ஆனால் ஓர் எச்சரிக்கை: 2022 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் வெளியிடப்பட்ட இந்தி மருத்துவ நூல்களில் ஆங்கிலச் சொற்களே பெருமளவு நாகரி எழுத்தில் எழுதப்பட்டுள்ளன. ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழெழுத்துச் சட்டை மாட்டிவிட்டு அதனைத் தமிழ் என்று நாமும் ஏமாறலாகாது.

எனவே, அனைத்துத் துறைகளையும் ஒரே நாளில் மாற்றுக என்று கேட்கவில்லை. மகப்பேற்றுத் துறை ஒன்றிலேனும் தொடங்குக என்கின்றோம்.

1. பேற்றறையில் பணிபுரியப் புகும் மாணாக்கர், பயிற்சி மருத்துவர் ஒவ்வொருவரும், எம்மாநிலத்தாராயினும், நோயாளியொடு தமிழில் உரையாடும் திறத்தேர்வில் தேறிய பின்னரே புகுதல் வேண்டும். வெளியிலிருந்து வருவோர்க்கு அரசே கட்டணமின்றித் தமிழ் கற்பித்தல் வேண்டும்.

2. மகப்பேற்றுப் பாடத்தின் செய்முறைத் தேர்வில், தாயிடம் வினவுதலும் அவளுக்கு விளக்குதலும் தமிழிலேயே நிகழ்ந்து, அதற்கென மதிப்பெண் தரப்படல் வேண்டும்.

3. தமிழாக்கப்பட்ட மகப்பேற்று நூல் வகுப்பில் துணைப்பாடமாகவேனும் வைக்கப்படல் வேண்டும். தமிழில் விடையெழுத விரும்புவார்க்கு இசைவளிக்கப்படல் வேண்டும்.

4. மனையினின்று வீடு திரும்பும் தாய்க்குத் தரப்படும் குறிப்புத் தாள், அவள் படித்தறியும் தமிழில் இருத்தல் வேண்டும். மருத்துவர்க்கு மட்டும் விளங்கும் தாள் தாய்க்கு எதற்கு?

இந்நான்கில் முதலதற்கும் நான்காவதற்கும் பெரும்பொருள் தேவையில்லை, மனம் தேவை. தமிழ் மருத்துவ மாணாக்கர்களே, உங்களிடம் ஒன்று. சட்டம் வரும் வரையில் காத்திராதீர். நாளை காலை நீங்கள் நோக்கவிருக்கும் முதல் தாயிடம், அவள் சொல்லிலேயே கேளுங்கள். உங்கள் கண்டறிவை அவள் சொல்லிலேயே சொல்லுங்கள். சொல் கிடைக்காத இடத்தைக் குறித்து வைத்து, மாலையில் தேடுங்கள். அவ்வாறு நூறு மாணாக்கர் தேடிய சொற்களைத் தொகுத்தால், அதுவே அடுத்த பாடநூலின் முதற்படி.

தமிழில் நோவெடுத்து, தமிழில் முக்கி, தமிழில் பெயரிடப்போகும் குழந்தையை ஈனுகின்றாள் தாய். அக்குழந்தை வெளிவந்ததும் கேட்கும் முதல் மாந்தச் சொல்லாவது தமிழாக இருக்கட்டும்!