சொல்லும் சொன்ன இடமும்

மத்திய அரசு சுருங்க வேண்டும், மாநிலங்களின் உரிமைகள் திரும்ப வேண்டும் என்ற ரொனால்ட் ரீகனின் பேச்சைத் தூய தத்துவமாக எடுத்துக்கொண்டு சிலாகிப்பவர்கள் நம்மிடையேயும் உண்டு. கவிதையில் ஒரு வார்த்தை எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் அர்த்தம் சொல்லாதவர்கள், இங்கே மட்டும் அகராதியோடு திருப்தியடைந்துவிடுகிறார்கள்.

'மாநில உரிமை' அமெரிக்கத் தெற்கில் அழுக்கேறிய வார்த்தை. 1948இல் இனப் பிரிவினையைக் காப்பாற்ற ஒரு கட்சியே அந்தப் பெயரில் கிளம்பியது. 1980 ஆகஸ்ட் 3 அன்று, ஜனாதிபதி வேட்பாளர் ரீகன் தமக்கு அதில் நம்பிக்கை உண்டென்று அறிவித்தது மிஸிஸிப்பியில், நெஷோபா கவுண்டித் திருவிழாவில். கறுப்பினத்தாரின் ஓட்டுரிமைக்காக உழைத்த மூன்று இளைஞர்கள் 1964இல் கொல்லப்பட்டது அதே கவுண்டியில். சதியில் உதவி ஷெரீபுக்கும் பங்கு இருந்தது. 1967இல் ஏழு பேரைத் தண்டித்தது மத்திய அரசு தொடுத்த வழக்கு. மாநிலம் ஒருவரைத் தண்டிக்க 2005 ஆயிற்று. அந்த மூவரைப் பற்றி அன்று ரீகன் வாய் திறக்கவில்லை.

சரி, கொள்கையிலாவது நின்றாரா? மது வாங்கும் வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியைக் குறைக்கும் சட்டத்தில் 1984இல் கையெழுத்திட்டவர் அவரே. அரசு சுருங்கியதா? அவருடைய எட்டு ஆண்டுகளில் மத்திய அரசின் கடன் ஏறத்தாழ மூன்று மடங்காயிற்று. பேரேடு பிரசங்கத்துக்கு மயங்குவதில்லை.

மாநிலத்துக்கு உரிமை கூடாது என்று நான் சொல்லவில்லை. உரிமை யார் கைக்குப் போகிறது, அதனால் யாருடைய உயிருக்குக் காவல் இல்லாமல் போகிறது என்று கேட்காத ரசனையை விமர்சனம் என்று அழைக்காதீர்கள் என்கிறேன்.