நலமடைந்தவன் மீது ஒரு கோபம்

நெடுநாள் மௌனத்துக்குப் பின் ஓர் இசைக்கலைஞன் புதிய பாடலொன்றை வெளியிடும்போது, அவனுடைய தீவிர ரசிகர்கள் முதலில் கேட்பது அந்தப் பாடலை அல்ல, அதில் இல்லாதவற்றைத்தான். 2005ஆம் ஆண்டின் முற்பகுதியில் நைன் இன்ச் நெய்ல்ஸ் என்ற அமெரிக்க இசைக்குழு 'தி ஹேண்ட் தட் ஃபீட்ஸ்' என்னும் சிங்கிளை வெளியிட்டபோது நடந்தது இதுவே. முந்தைய ஆல்பமான 'தி ஃப்ராஜைல்' 1999 செப்டம்பரில் இரண்டு குறுந்தகடுகளாக வந்திருந்தது. ஐந்தாண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்ததோ மூன்றரை நிமிடப் பாடல். வானொலிகள் அதை உடனே ஏற்றுக்கொண்டன. அமெரிக்காவின் மாடர்ன் ராக் பட்டியலில் அது முதலிடத்துக்குச் சென்றது. ரசிகர்களில் ஒரு பகுதியினர் மகிழ்ந்தனர். இன்னொரு பகுதியினர் முகம் சுளித்தனர். அவர்கள் சொன்ன குறைகளைச் சுருக்கினால் மூன்றாகும்: பாடல் மிக எளிமையாக இருக்கிறது, கேட்டால் ஆடத் தோன்றுகிறது, பழைய இருள் இதில் இல்லை.

இம்மூன்றையும் பொய் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. அவற்றிலிருந்து அவர்கள் பெற்ற தீர்ப்பு பிழையானது என்பதும், அந்தத் தீர்ப்பின் அடியில் ஓர் அநீதியான கோரிக்கை ஒளிந்திருக்கிறது என்பதுமே எங்கள் தரப்பு. இத்தகைய தீர்ப்புகளை இலக்கிய வாசகர்களும் அன்றாடம் வழங்குகிறார்கள் என்பதால் இது நம் பக்கத்திலும் பேசத்தக்க விஷயம் என்று நினைக்கிறோம்.

இந்த இசையோடு பழக்கமில்லாதவர்களுக்காகச் சில வரிகள். இண்டஸ்ட்ரியல் என்று வழங்கும் மின்னணு இசையின் பெயரே லண்டனில் பிறந்தது. த்ராபிங் கிரிசில் என்ற நால்வர் குழு 1976இல் தொடங்கிய நிறுவனத்துக்கு இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ் என்று பெயரிட்டது. ஆலையின் இரைச்சலை, ஒலிநாடாத் துண்டுகளை, நாராசம் என்று விலக்கப்பட்ட அனைத்தையும் இசைக்குள் கொண்டுவந்தார்கள். பெயரில் ஒரு பரிகாசமும் உண்டு: இசையே ஆலைச் சரக்காக உற்பத்தியாகும் காலத்தில் அதை ஒளிப்பானேன் என்பது. அதே ஆண்டு அவர்கள் பங்குகொண்ட ஒரு கண்காட்சியைக் கண்டு கொதித்த பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர், நாகரிகத்தையே நாசம் செய்பவர்கள் என்று அவர்களைச் சாடினார். குழுவினர் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றுகிறது.

நைன் இன்ச் நெய்ல்ஸ் இதற்கு ஒரு தலைமுறை பிந்தியது. ஒஹையோ மாநிலத்தின் க்ளீவ்லாண்ட் நகரில் 1988இல் தொடங்கியது. குழு என்று பெயர்தானே தவிர, 2016இல் ஆட்டிகஸ் ராஸ் முறைப்படி சேரும்வரை அதன் நிலையான உறுப்பினர் ட்ரென்ட் ரெஸ்னர் ஒருவர்தான். ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டு, கூடம் காலியாக இருக்கும் இரவு நேரங்களில் தன் பாடல்களைத் தானே பதிவுசெய்தவர். அந்த இரவுகளிலிருந்து பிறந்ததுதான் 1989இல் வந்த முதல் ஆல்பமான 'ப்ரெட்டி ஹேட் மெஷின்'.

இனி, ஆடத் தோன்றுகிறது என்ற குற்றச்சாட்டு. இதை முன்வைப்பவர்கள் தாங்கள் காவல் காப்பதாக நினைக்கும் மரபின் முதல் பக்கங்களையே புரட்டவில்லை. த்ராபிங் கிரிசில் 1978இல் 'யுனைடெட்' என்ற சிங்கிளை வெளியிட்டது. நாகரிகத்தை நாசம் செய்ய வந்தவர்களிடமிருந்து ஓர் இனிய, இயந்திரத் தாளத்தில் துள்ளும் காதல் பாட்டு! அதே ஆண்டின் இறுதியில் வந்த ஆல்பத்தில் அந்தப் பாடலைச் சேர்த்தபோது, முழுப்பாடலையும் ஏறத்தாழ 16 விநாடிகளுக்குள் அடங்கும்படி வேகமாக ஓட்டி ஒரு கீச்சொலியாக்கிவிட்டார்கள். பாட்டு வேண்டுமென்றவனையும் இரைச்சல் வேண்டுமென்றவனையும் ஒருசேரக் கிள்ளும் குறும்பு இது. 1979இல் வந்த அடுத்த ஆல்பத்துக்கு '20 ஜாஸ் ஃபங்க் கிரேட்ஸ்' என்று மெல்லிசைத் தொகுப்பைப் போல் பெயரிட்டு, அட்டையில் கடலோரப் புல்வெளியில் புன்னகைத்தபடி நின்றார்கள். அவர்கள் நின்ற இடம் பீச்சி ஹெட் என்னும் செங்குத்துப் பாறை, தற்கொலைகளுக்குப் பேர்போனது. இனிமைக்கும் கொடுமைக்கும் நடுவில் நடக்கும் இந்த இழுபறியே இண்டஸ்ட்ரியல் இசையின் பிறவிக்குணம். 'ப்ரெட்டி ஹேட் மெஷின்' நடனக்கூடங்களில் ஒலித்த ஆல்பம். 1994இல் வந்த 'க்ளோசர்' என்ற பாடலின் அடிமுழக்கம் இக்கி பாப்பின் 1977ஆம் ஆண்டுப் பாடலொன்றிலிருந்து எடுத்து உருமாற்றப்பட்டது. அதற்குக் கால் அசையாதவர் எவரும் இருக்க முடியாது. 2005இல் மட்டும் தாளம் துரோகமாகிவிடுவது எப்படி?

பாடலின் பொருளுக்குள்ளும் போக வேண்டும். உணவிடும் கையை நாய் கடிப்பது பற்றிய ஆங்கிலப் பழமொழியிலிருந்து வந்தது தலைப்பு. நம்மிடம் அதற்கு நிகராக, உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே என்று உண்டு. பழமொழிகள் இரண்டும் விசுவாசத்தின் பக்கம் நிற்பவை. ரெஸ்னரோ பழமொழியைத் தலைகீழாகப் பிடித்து, அந்த இரண்டகத்தைச் செய்யும் துணிவு உனக்கு உண்டா என்று கேட்கிறார். இராக் போர் நடந்துகொண்டிருந்த, ஜார்ஜ் புஷ் இரண்டாம் முறை பதவியேற்றிருந்த காலம் அது. கீழ்ப்படிதலைப் பற்றிய ஒரு பாட்டுக்கு அந்தத் தாளம் எத்தனை பொருத்தம் என்பதைக் குறை சொன்னவர்கள் கவனிக்கவில்லை. சிப்பாயின் நடையும் ஆடுபவனின் நடையும் ஒரே கணக்கில் விழுபவை. மனம் யோசித்து முடிப்பதற்குள் உடல் ஒப்புக்கொண்டுவிடுகிறது. ஒப்புக்கொண்ட உடலிடம் பாடகன் வந்து, நீ ஏன் ஒப்புக்கொண்டாய் என்று விசாரிக்கிறான். இந்தப் பாட்டில் இருள் இல்லை என்பவர்கள் அதைக் கிதாரின் உறுமலில் மட்டும் தேடியவர்கள்.

வெறும் வானொலிப் பாட்டு என்றார்களே, 2005 ஜூன் மாத எம்டிவி திரைப்பட விருது விழாவில் நடந்தது என்ன? இந்தப் பாடலைப் பாடும்போது மேடைப் பின்னணியில் புஷ்ஷின் படத்தை எந்த மாற்றமும் செய்யாமல் அப்படியே வைக்கத் திட்டமிட்டிருந்தார் ரெஸ்னர். தொலைக்காட்சி நிறுவனம் தயங்கியது. அவர் நிகழ்ச்சியிலிருந்தே விலகிக்கொண்டார். கேலிச்சித்திரமோ ஒட்டுவேலையோ இல்லாத ஒரு நாட்டின் அதிபர் படம் அந்தப் பாட்டின் அருகில் நிற்கும்போது ஆபத்தாகத் தெரிந்திருக்கிறது. அந்தச் சம்பவத்தை விமரிசனமாகவே கொள்ளலாம். ரசிகர்கள் சிலரைவிட நிறுவனத்துக்குப் பாட்டு நன்றாகவே புரிந்திருக்கிறது.

மூன்று குறைகளும் மேற்பரப்பு என்றே கருதுகிறோம். உண்மையான வருத்தம் வேறொன்று. 1994இல் வந்த 'தி டவுன்வர்ட் ஸ்பைரல்', ஒரு மனிதன் படிப்படியாகத் தன்னை அழித்துக்கொள்ளும் ஆல்பம். அதைப் பதினேழு வயதில், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கேட்டவர்கள் எத்தனையோ பேர். பேச ஆளில்லாத வயதில், தம் நிலையை அறிந்த ஒரு குரல் உண்டு என்று அவர்களுக்குத் தெரிந்தது. அதை ஏளனம் செய்பவன் இசையை அறியாதவன். ஆனால் பாடியவரின் வாழ்க்கையும் பாட்டின் பாதையிலேயே போய்க்கொண்டிருந்தது. குடியும் போதையும் அவரை ஏறத்தாழ முடித்துவிட்டிருந்தன. 2001இல் சிகிச்சைக்குப் பின் மீண்டார். 2005இல் நாற்பதை எட்டியபோது, முடியைக் குறைத்து, உடம்பைத் தேற்றிக்கொண்டு மேடைக்கு வந்தார். அந்தத் தோற்றமே பலருக்குப் பிடிக்கவில்லை. பாட்டில் பழைய வலி இல்லை என்ற பேச்சுக்குப் பொருள், உன்னிடம் பழைய வலி இல்லையே என்பதுதான். இன்னும் ஒருபடி போனால், நீ நலமானது எங்களுக்கு நஷ்டம் என்பது.

இந்தக் கோரிக்கையின் குரூரத்தைக் கோருபவர்கள் உணர்வதில்லை, ஏனெனில் அது அன்பின் மொழியில் வருகிறது. சிறுபத்திரிகை வாசகர்களான நமக்கு இது அந்நியமும் அல்ல. கவிஞனின் குடியையும் வறுமையையும் அவன் கவிதைக்குச் சான்றிதழாக நீட்டுவதும், அவனுக்கு வேலையும் வீடும் அமைந்த பிறகு வரும் தொகுதியை இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, தீவிரம் போய்விட்டது என்று உதட்டைப் பிதுக்குவதும் நாம் அறிந்த சடங்குகள்தாமே. தொகுதி பலவீனமாகவே இருக்கலாம். அப்படியானால் அந்தப் பலவீனத்தை வரிகளில் காட்ட வேண்டும், வங்கிக் கணக்கில் அல்ல.

வலிக்கும் பாட்டுக்கும் உள்ள உறவு இவ்வளவு நேரானதாக இருந்தால் 2002இல் ஒரு விஷயம் நடந்திருக்கவே முடியாது. 'தி டவுன்வர்ட் ஸ்பைரல்' ஆல்பத்தின் இறுதிப் பாடலான 'ஹர்ட்' பாடலை எழுபது வயது ஜானி கேஷ் பாடினார். நாட்டுப்புறச் சாயல் கொண்ட கன்ட்ரி இசையின் முதுபெரும் பாடகர் அவர். இண்டஸ்ட்ரியல் இசையோடு எந்த ஒட்டும் இல்லாதவர். ஓர் இளைஞனின் சுயவதைப் பாட்டு ஒரு கிழவரின் கணக்கு முடிப்பாக மாறியது. இனி அந்தப் பாட்டு என்னுடையதல்ல என்ற பொருள்பட ரெஸ்னரே சொன்னார். எழுதியவனின் காயம் ஆறியபின்னும், வேறொருவன் வாயிலும் நிற்கும்படி அந்தப் பாட்டு கட்டப்பட்டிருந்தது. நின்றது அந்தக் கட்டுமானம்.

2005இல் வந்த எதிர்வினைகளில் எங்களைக் கவர்ந்தது வாயால் வந்ததல்ல. அந்த ஏப்ரலில் ரெஸ்னர், 'தி ஹேண்ட் தட் ஃபீட்ஸ்' பாடலின் குரல், தாளம், கிதார், மின்னணு ஒலிகள் எல்லாவற்றையும் தனித்தனித் தடங்களாகப் பிரித்து, ஆப்பிள் நிறுவனத்தின் கராஜ்பேண்ட் மென்பொருளில் திறக்கும் கோப்பாக இலவசமாக வெளியிட்டார். கருத்துக் கேட்காமல் கருவிகளையே ரசிகன் கையில் கொடுத்துவிட்டார் எனலாம். எளிமை என்று சொன்னவன் இப்போது தாளத்தை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் கேட்கலாம். குரலை நிறுத்திவிட்டு அதன் பின்னால் ஓடும் ஒலிகளை எண்ணலாம். எளிமையாகக் காதில் விழுந்தது எத்தனை அடுக்குகளால் ஆனது என்று அவன் விரலே அவனுக்குச் சொல்லும். பழைய இருள் வேண்டுமா, நீயே கூட்டிக்கொள். உலகெங்கும் பலர் அதைச் செய்தார்கள். அந்த மறுவடிவங்களில் மிகப் பல சுமார் ரகம்தான், அதனாலென்ன? ஒரு பாட்டைப் பிரித்து மறுபடி கட்டியவன் அடுத்த பாட்டை வேறு காதால் கேட்பான்.

இதுவும் திடீரென்று முளைத்ததல்ல. 1992இல் 'ஃபிக்ஸ்ட்' என்ற தொகுப்புக்காகத் தன் பாடல்களைப் பிறரிடம் கொடுத்துக் குலைத்து அடுக்கச் சொன்னார் ரெஸ்னர். அப்படிக் குலைத்தவர்களில் த்ராபிங் கிரிசில் நால்வரில் ஒருவரான பீட்டர் கிறிஸ்டோபர்சனும் இருந்தார். அன்று சகக்கலைஞர்களுக்கு இருந்த உரிமை 2005இல் யாருக்கும் என்றாயிற்று. 2008இல் 'கோஸ்ட்ஸ்' தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துடன் வந்தது. அதே ஆண்டு 'தி ஸ்லிப்' முழு ஆல்பமும் இலவசமாகக் கிடைத்தது.

இருபது ஆண்டுகள் கழித்து, 2025 ஜூலையில், 'ட்ரான்: ஏரீஸ்' திரைப்படத்துக்காக 'ஆஸ் அலைவ் ஆஸ் யூ நீட் மீ டு பீ' என்ற சிங்கிள் வந்தபோது ஆட்சேபங்கள் மாறவில்லை. பளபளப்பு, நடனம், இருள் போதாது. ஒரே ஒரு வேறுபாடு: 2005ஆம் ஆண்டுப் பாடல் இப்போது பழைய பொற்காலத்தின் பட்டியலில் ஏறிவிட்டது. முன்பு அதைத் தள்ளிய அதே வகைக் காதுகள் இன்று அதையே அளவுகோலாகப் பிடித்திருக்கின்றன. ரெஸ்னருக்கு வயது அறுபதாகியிருந்தது. அறுபது வயதுக்காரர் இருபத்தெட்டு வயதின் நரகத்தில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களிடம் என்ன பேசுவது?

ஆனால் 2025இல் கேட்கத்தக்க ஒரு கேள்வி இருந்தது. முகம் சுளித்தவர்களில் பலர் அதை விட்டுவிட்டார்கள். அது டிஸ்னி நிறுவனத்தின் படம். பாடலின் ஒலியமைப்பில் எங்களுக்குக் குறையில்லை. குரலை நொறுக்கி இயந்திரமாக்கும் இடங்கள் நன்றாகவே வந்திருக்கின்றன. எனினும் ஒரு பெருநிறுவனத்தின் பலகோடிப் படத்துக்குள், அதன் விளம்பரக் கால அட்டவணைக்கு ஏற்ப வெளியாகும் இண்டஸ்ட்ரியல் சிங்கிள் எந்தக் கையை, எப்படிக் கடிக்கும்? இரைச்சல் அதிகமா குறைவா என்பதோ, பாடியவர் உடல்நலத்தோடு இருக்கிறாரா என்பதோ இதற்கு விடையாகாது. அந்த ஆண்டின் சுற்றுப்பயண மேடைகளில் 'தி ஹேண்ட் தட் ஃபீட்ஸ்' பாடலையும் அவர் பாடிக்கொண்டுதான் இருந்தார். அங்கே கூடியிருந்த ஆயிரக்கணக்கானோரில் யாருக்கேனும் அந்தத் தலைப்பை மேடையை நோக்கித் திருப்பத் தோன்றியிருந்தால், அவரையே அந்தப் பாட்டின் நல்ல ரசிகர் என்போம்.