கிளினிக் நாளுக்கும் பேர் வேண்டும்

கால் வீங்குது, ரெண்டு படி ஏறினாலே மூச்சு வாங்குது என்று கொழுந்து எடுக்கிற அம்மா சொன்னால் கிடைக்கும் பதில்: "ரத்தம் கொறைவு, வயசாகுது." ஆண் சொன்னால் நெஞ்சைப் பற்றிய யோசனை சீக்கிரம் வருகிறது.

இருதயம் பலவீனப்பட்டால் நீர் நுரையீரலிலும் காலிலும் தேங்கும். கவனிக்காமல் விட்ட பிரஷரால் வரலாம். சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சல் வால்வைக் கெடுத்திருக்கலாம். பிள்ளைப்பேற்றை ஒட்டியும் வரும். மாத்திரையை நாள் தவறாமல் எடுத்து, உப்பைக் குறைத்தால் பலர் நடமாடலாம்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம்தான். ஆனால் கிளினிக் போகிற நாளில் பேர் இல்லை. பஸ் காசும் நம் கையிலிருந்து. அதனால்தான் ஒரு மாதத்து மாத்திரையை இரண்டு மாதத்துக்கு இழுக்கிறார்கள். உறையில் எழுதியிருப்பது சிங்களத்தில் என்றால், காலையில் எது, இரவில் எது என்று யாரிடம் கேட்பது? தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தம் சொன்னது. மருந்துக் கவுண்டருக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

கம்பனிகளிடம் கேட்க வேண்டியது பெரிய விஷயமல்ல. கிளினிக் அட்டையைக் காட்டினால் முழுப் பேர். ஒவ்வொரு டிஸ்பென்சரியிலும் ஆள் நிறுக்கும் தராசு. கொழுந்து நிறுக்கத் தராசு இல்லாத தோட்டம் உண்டா? இந்த நோய்க்காரருக்கு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் உடம்பில் நீர் சேர்கிறது. அடுத்த கிளினிக் வரை காத்திராமல் டாக்டரிடம் போக வேண்டும்.

கிளினிக் போய் பேர் இழந்தவர்கள், முக்கியமாகப் பெண்கள், அட்டையோடு தோட்டத் தலைவரிடமோ தலைவியிடமோ திகதிகளைப் பதிந்து வையுங்கள். பேச்சுவார்த்தை மேசைக்கு அந்தக் கணக்கு வேண்டும்.